பழைய கம்ப்யூட்டரைத் தள்ளுவதா, தேற்றுவதா?

மூணாறு டவுனிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே ஆபீஸ் கிளார்க்காக வேலை பார்க்கிறார் நமது நண்பர் ஒருவர். பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். தாத்தா காலத்திலேயே மலையேறி வந்த குடும்பம். பகல் முழுவதும் எஸ்டேட் கணக்கு. மாலை ஆறு மணிக்குமேல் டவுனில் உள்ள நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். அந்த மேல் வருமானத்தில்தான் மகளின் நர்சிங் படிப்புச் செலவு ஓடுகிறது.

இந்த மாலை வேலைக்காக 2014-ல் கோவையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். பத்து ஆண்டுகளுக்குமேல் உழைத்துவிட்டது. இப்போது சுவிட்சைப் போட்டால், ஒரு கட்டஞ்சாயா போட்டுக் குடித்து முடிக்கும்வரை திரையில் ஒன்றும் வருவதில்லை.

பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு வேறு கவலை. "அப்பா, இதுல ஒரு கேமும் ஓடாதுப்பா. புதுசா ஒண்ணு வாங்குவோம். என் கூட்டாளி வீட்டுல அறுபதாயிரத்துக்கு வாங்கியிருக்காங்க" என்கிறான். நண்பருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இரண்டு மானிட்டர் வேண்டும், அவ்வளவுதான். ஒன்றில் கடைக்காரரின் பில்கள், இன்னொன்றில் கணக்குப் புத்தகம். ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒருமுறை ஒரு கடையின் தொகையை இன்னொரு கடைக்குப் போட்டு, இரண்டு நாள் தூக்கம் போனதை அவர் இன்னும் மறக்கவில்லை.

போனஸ் பணம் கையில் இருந்தது. ஆனால் அறுபதாயிரத்தை அதில் போட்டால் மகளின் அடுத்த பீஸ் இடிக்கும். முடிவெடுக்கும் முன் டவுன் மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார். அந்த இளைஞர் பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதைத் தூக்கிப் போட வேண்டாம். மூளை நல்லாத்தான் இருக்கு. காலும் வயிறும்தான் போச்சு" என்றார்.

அவர் சொன்னது சரிதானா? வாளையாரிலிருந்து குமுளி வரை எத்தனையோ தமிழர் வீடுகளில் இதே போன்ற ஒரு பழைய பெட்டி மூலையில் இருக்கிறது. அதைத் தள்ளுவதா, தேற்றுவதா என்று திண்டாடும் வாசகர்களுக்காக விவரத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மூளையின் வயது

நம் ஊர்களில் பெட்டி முழுவதையும் "சி.பி.யூ." என்று சொல்வது வழக்கம். உண்மையில் சி.பி.யூ. என்பது உள்ளே மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி அளவுள்ள பிராசஸர் மட்டும்தான். மெக்கானிக் மூளை என்று சொன்னது அதைத்தான்.

அதன் வயதைக் கண்டுபிடிப்பது எளிது. இன்டெல் ஐ 5-4590 என்று பெயர் இருந்தால், நான்கு இலக்கத்தில் முதல் இலக்கமே தலைமுறை. இது நான்காம் தலைமுறை; 2013, 2014 காலத்துச் சரக்கு. 3470 என்று இருந்தால் மூன்றாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 10400 என்றால் பத்தாம் தலைமுறை.

கேம் விளையாட நினைப்பவர்களுக்கு நான்காம் தலைமுறை ஓர் எல்லைக்கோடு. அந்தத் தலைமுறை ஐ 3, ஐ 5, ஐ 7 ஆகியவற்றில்தான் "ஏ.வி.எக்ஸ். 2" என்ற கட்டளைத் தொகுதி வந்தது. அண்மைக் கால கேம்கள் பல அது இல்லாமல் திறக்கவே மறுக்கின்றன. மூன்றாம் தலைமுறையிலும் அதற்கு முந்தியவற்றிலும் அது கிடையாது. நான்காம் தலைமுறைக் காலத்துப் பென்டியம், செலரான் பிராசஸர்களிலும் கிடையாது. அப்படிப்பட்ட பெட்டியில் கேமுக்காகப் பணம் போடுவது வீண். கணக்கு எழுதவும் படிக்கவும் மட்டும் தயார் செய்துகொண்டு நிறுத்திவிடுவது நல்லது.

எந்த உறுப்பு இழுக்கிறது?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் "டாஸ்க் மேனேஜர்" திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்தபடியே அதைக் கவனியுங்கள். டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவீதத்தில் நின்றுகொண்டே இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி தொண்ணூறைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. இரண்டும் சும்மா இருக்க, சி.பி.யூ. மட்டும் நூறில் நின்றால் பிராசஸர் களைத்துவிட்டது.

கேமுக்கும் இதே போன்ற சோதனை உண்டு. கேமின் அமைப்புகளில் போய்த் திரையின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஓட்டம் வேகமானால் கிராபிக்ஸ் பகுதிதான் பலவீனம். கார்டு போட்டால் பலன் கிடைக்கும். குறைத்த பிறகும் அதே திணறல் என்றால் பிராசஸரிலேயே கோளாறு. அங்கே எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் பெரிய மாற்றம் இராது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர், எந்தப் பல் வலிக்கிறது என்று தெரியாமல் பல் டாக்டரிடம் போகிறவர் மாதிரிதான்.

முதல் செலவு: எஸ்.எஸ்.டி.

நண்பரின் கம்ப்யூட்டரில் டிஸ்க் நூறிலேயே நின்றது. மெக்கானிக் சொன்ன "கால்" இதுதான்.

பழைய ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. வினாடிக்கு 120 சுற்று. வேண்டிய செய்தி ஊசிமுனைக்குக் கீழே வரும்வரை அது காத்திருக்க வேண்டும். ஊசியும் இடம் மாற வேண்டும். ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. கட்டஞ்சாயா குடிக்கும் நேரம் இப்படித்தான் போகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை. தேடிப் போகும் நேரம் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவுகளில் உடனே கண்ணுக்குத் தெரியும் பலன் இதில்தான்.

வாங்கும்போது ஒரு விஷயம். 2014 காலத்து மதர்போர்டுகளில் பெரும்பாலும் புதிய "என்.வி.எம்.இ." வகைக்கு இடம் இருக்காது. இரண்டரை அங்குல "சாட்டா" வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எச் 81 போன்ற போர்டுகளில் நான்கு சாட்டா துளைகள் இருந்தாலும் இரண்டுதான் வேகமானவை. வேகமான துளையில் எஸ்.எஸ்.டி.யையும் மற்றதில் பழைய ஹார்டு டிஸ்கையும் மாட்டினால், பழைய போட்டோக்களும் கணக்குகளும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது: மெமரி

நான்கு ஜி.பி. ராம் இப்போது எதற்கும் பற்றாது. கணக்கு வேலைக்கு எட்டு, கேமுக்குப் பதினாறு என்று வைத்துக்கொள்ளலாம். எச் 81 போர்டில் இரண்டு இடம்தான் உண்டு; மொத்தம் 16 ஜி.பி. வரை ஏற்கும். எட்டும் எட்டுமாக ஒரே வேகமுள்ள இரண்டைப் போட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்து வேகம் கூடும்.

அந்தக் காலத்துப் போர்டுக்கு டி.டி.ஆர். 3 தான் பொருந்தும். இதில் 240 ஊசிமுனைகள், டி.டி.ஆர். 4-ல் 288. வெட்டு இருக்கும் இடமும் வேறு. அழுத்தி உள்ளே தள்ளப் பார்த்தால் போர்டு உடையும், ராம் சேராது. கடைக்குப் போகும்போது பழைய ராமைக் கையோடு கொண்டு போவது உத்தமம்.

2025-ன் கடைசி மாதங்களிலிருந்து மெமரி விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய டேட்டா சென்டர்கள் சரக்கை வாரிக்கொண்டதே காரணம். புது மெஷின் விலையையும் இது தூக்கியது. பழையதைத் தேற்றுவதில் உள்ள லாபம் இதனால் கூடியிருக்கிறது. உபயோகித்த டி.டி.ஆர். 3 ராம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறது. மாட்டிப் பார்த்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்து வாங்கினால் பயமில்லை.

யாரும் கவனிக்காத எஸ்.எம்.பி.எஸ்.

மெக்கானிக் சொன்ன "வயிறு" இது. வீட்டு மின்சாரத்தை வாங்கி உள்ளே உள்ள உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பழைய கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் "450 வாட்" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதை நம்பிக் கார்டு மாட்டிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம்.

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் 12 வோல்ட் என்ற வரிசையைப் பாருங்கள். அங்கே எத்தனை ஆம்பியர் என்று இருக்கிறதோ அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 15 ஆம்பியர் என்றால் 180 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உறிஞ்சுவது பெரும்பாலும் இந்த வரிசையிலிருந்துதான். மேலே 450 என்று இருந்தாலும், வேலைக்கு ஆவது 180 தான்.

இப்போது தேவைக் கணக்கு. ஐ 5-4590 பிராசஸருக்கு 84 வாட். ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டுக்கு 75 வாட். போர்டு, டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்குமாக 40 வாட் என்று வைத்தால் ஏறத்தாழ 200. பழைய பெட்டி இந்தப் பாரத்தைத் தாங்காது. கேம் ஓடும்போது திடீரென்று அணைந்து மறுபடி எழும்பும். இன்னும் மோசமானால் தான் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆகவே கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் பெயருள்ள கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ்., "80 பிளஸ்" முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கிவிட வேண்டும். இதில் மட்டும் பழைய சாமான் வேண்டவே வேண்டாம்.

கார்டு வாங்குவதில் நாலு கண்ணிகள்

மகனின் ஆசை இனிமேல்தான் வருகிறது. மதர்போர்டில் உள்ள நீளமான ஸ்லாட், கார்டுக்கு 75 வாட் வரை தானே கொடுக்கும். அதற்குமேல் வேண்டிய கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வேண்டும். பழைய பெட்டிக்கு 75 வாட் கார்டே ஏற்றது. 2014-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 2016-ல் வந்த 1050 டி.ஐ., 2019-ல் வந்த 1650 ஆகியவை இந்த ரகம். 1650-ல் சில கம்பெனிகள் தனி வயர் கேட்கும் மாடலும் போட்டிருக்கின்றன. பார்த்து வாங்க வேண்டும்.

இந்த மூன்றில் எது? 750 டி.ஐ.க்கும் 1050 டி.ஐ.க்கும் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை. 1650 இந்தப் பட்டியலில் இல்லை. விலையில் சிறிய வித்தியாசம்தான் என்றால் 1650-ஐ எடுப்பதே புத்திசாலித்தனம்.

முதல் கண்ணி, ஒரே பெயரில் இரண்டு சரக்கு. ஜி.டி. 1030 என்ற கார்டு முதலில் ஜி.டி.டி.ஆர். 5 மெமரியோடு வந்தது. 2018-ல் அதே பெயரில் டி.டி.ஆர். 4 மெமரியோடு இன்னொன்று வந்தது. பெயர் ஒன்று; கேமில் வேகமோ ஏணி வைத்தாலும் எட்டாது.

இரண்டாவது, "இதுவும் கிராபிக்ஸ் கார்டுதான்" என்று தலையில் கட்டப்படும் ஜி.டி. 710. கூடுதல் மானிட்டர் மாட்ட அது உதவும். கேமுக்கு உதவாது.

மூன்றாவது, புதியது என்பதாலேயே நல்லது என்ற நினைப்பு. 2022-ல் வந்த ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி. ஆகிய கார்டுகள் ஸ்லாட்டின் பதினாறு பாதைகளில் நான்கை மட்டும் பயன்படுத்துகின்றன. புதிய போர்டில் இது பெரிய குறையாகத் தெரியாது. எச் 81 போன்ற பழைய போர்டில் ஒவ்வொரு பாதையும் மெதுவானது. அகலமான ரோட்டில் ஓட வேண்டிய பஸ், சந்தில் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

நான்காவது, போலி. பழைய மட்டமான கார்டின் உள்நினைவை மாற்றி, 1050 டி.ஐ. என்று காட்டும்படி செய்து விற்பவர்கள் உண்டு. விண்டோஸும் அதை அப்படியே நம்பிப் பெயரைக் காட்டும். "ஜி.பி.யு.-இசட்" என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் போலியைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். இன்னொன்று: 2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. இரவும் பகலும் ஓடிய கார்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் அரைமணி நேரம் ஒரு கேமை ஓட்டி, விசிறிச் சத்தமும் சூடும் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தால் என்ன கிடைக்கும்? ஜி.டி.ஏ. 5 கேமின் 2015-ம் ஆண்டுப் பதிப்புக்கு அதைத் தயாரித்தவர்களே சிபாரிசு செய்தது மூன்றாம் தலைமுறை ஐ 5-3470, 8 ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ். 660 கார்டு. தேற்றிய பெட்டி இதைத் தாராளமாகத் தாண்டிவிடும். அந்தக் காலத்து கேம்கள் நன்றாக ஓடும். நேற்று வெளிவந்த பெரிய கேம்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டில் சண்டையைக் குறைக்கும்.

இரண்டு திரைக்குக் கார்டே வேண்டாம்

கேம் வேண்டாம், வேலைக்கு இரண்டு மானிட்டர் போதும் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கம்ப்யூட்டரின் பின்பக்கம் பாருங்கள். வி.ஜி.ஏ. துளையும் எச்.டி.எம்.ஐ. அல்லது டி.வி.ஐ. துளையும் இருந்தால், இரண்டிலும் ஒவ்வொரு மானிட்டரை மாட்டலாம். எச் 81 போர்டு இரண்டு திரை வரை தானே தாங்கும். அதே காலத்து பி 85 மூன்று வரை தாங்கும். விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி "எக்ஸ்டெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. செலவு ஒரு மானிட்டரும் ஒரு கேபிளும்தான். நமது நண்பர் பத்து வருடமாக இது தெரியாமலே இருந்திருக்கிறார்!

கணக்கு எழுதுபவர்களுக்கு மட்டும் அல்ல, எல்லைப் பகுதியில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. மலையாளத்தில் வந்த சுற்றறிக்கையை ஒரு திரையில் வைத்து, மற்றதில் தமிழில் மனுவோ பதிலோ எழுதலாம். இரண்டு மொழிக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு இரண்டு திரை ஆடம்பரம் இல்லை.

கிராபிக்ஸ் கார்டு மாட்டியபின் மூன்றாவது திரை வேண்டுமானால், போர்டில் உள்ள பழைய துளைகளையும் பயன்படுத்தலாம். கார்டு மாட்டியதும் பல போர்டுகள் தம் சொந்தத் துளைகளை அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் "ஐ.ஜி.பி.யு. மல்டி மானிட்டர்" என்பதை இயக்கினால் அவை மறுபடி உயிர் பெறும்.

பழைய மானிட்டர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது துளை. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 1650 கார்டுகளில் வி.ஜி.ஏ. சமிக்ஞையே கிடையாது. வி.ஜி.ஏ. மட்டும் உள்ள மானிட்டருக்குச் சாதாரண இணைப்பு முனை போட்டால் படம் வராது. உள்ளே சிப் உள்ள, எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வாக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். அல்லது அந்த மானிட்டரைப் போர்டிலேயே மாட்டிவிட்டு, நல்ல மானிட்டரைக் கார்டில் மாட்டலாம்.

மூன்று திரையிலும் ஒரே கேமை விரித்து ஓட்டும் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஒரு முழு எச்.டி. திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். மூன்று திரை என்றால் 62 லட்சத்துக்கு மேல். கார்டுக்கு மூன்று மடங்கு சுமை. 75 வாட் கார்டு இதைத் தாங்காது. ஒரு திரையில் கேம், மற்றதில் பாட்டோ பாடமோ என்பதே இதற்குச் சரி.

இடியும் ஈரமும் சூடும்

பெட்டியைத் தேற்றிய பிறகு அதைக் காப்பாற்ற வேண்டும். கேரளத்தில் துலாவர்ஷ மாதங்களிலும் கோடை மழையிலும் இடி மின்னல் கடுமை. பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை கவனமாக இருக்கும்படி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கை விடுவது வழக்கம். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்காரும் நேரமும் அதுதான். வானம் இருண்டால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையே பிடுங்க வேண்டும். இன்டர்நெட் பெட்டியின் பிளக்கையும், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். மின்னல் எந்த வயரிலும் வரும்.

லயங்களிலும் பழைய வாடகை வீடுகளிலும் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும். எர்த் வயர் இருக்காது. கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்றால் அதுதான் காரணம். எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் வாங்கி வைத்துப் பெரிய பலன் இல்லை. முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடுங்கள். கம்ப்யூட்டரைவிட உயிர் பெரிது.

தேவிகுளம், பீர்மேடு பக்கம் எதிரி ஈரம். மாதக்கணக்கில் போடாமல் வைத்த கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினாலே பல பெட்டிகள் எழுந்துவிடும். மழைக்காலத்தில் தினம் அரைமணி ஓட்டினால் உள்ளே உள்ள சூடு ஈரத்தை விரட்டும். கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் எதிரி சூடும் தூசியும். அங்கே மார்ச் வரும் முன் விசிறியைத் துடைத்து, பிராசஸரின் மேல் காய்ந்துபோன பேஸ்டை மாற்றிவிட வேண்டும்.

கரண்ட் பில்லையும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். கேம் ஓடும்போது பெட்டி 200 வாட், இரண்டு எல்.இ.டி. மானிட்டர் 50 வாட். மொத்தம் 250. நாலு மணி நேரம் விளையாடினால் ஒரு யூனிட்.

விண்டோஸா, பள்ளிக்கூட லினக்ஸா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்பது மைக்ரோசாப்டின் முதல் ஏற்பாடு. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 சிப்பும் வேண்டும். நான்காம் தலைமுறைப் பெட்டியை அது முறைப்படி ஏற்பதில்லை. திருத்தம் வராத விண்டோஸில் பேங்க் கணக்கைத் திறப்பது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் தூங்குவதற்குச் சமம்.

இதற்கு வழி நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. கேரள அரசு 2001-ல் "ஐ.டி. அட் ஸ்கூல்" திட்டத்தைத் தொடங்கியது. 2017-ல் அது "கைட்" என்ற கம்பெனியாயிற்று. அரசுப் பள்ளிகளில் ஓடுவது கைட் தயாரித்துத் தரும் குனு/லினக்ஸ். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது, காசு கிடையாது. தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் லேபில் பழக்கம் அதில்தான். பழைய பெட்டிகளை ஆண்டுக்கணக்கில் ஓட்ட இத்தகைய மென்பொருள் எவ்வளவு உதவும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஜி.எஸ்.டி. தளம், பேங்க் வேலை, தமிழ் டைப்பிங் எல்லாம் லினக்ஸில் நடக்கும். 2018-ல் வந்த "புரோட்டான்" என்ற வசதியால் விண்டோஸ் கேம்கள் பலவும் அதில் ஓடுகின்றன. வேலரன்ட் போன்ற சில ஆன்லைன் கேம்கள் மட்டும் ஓடாது. டாலி வேண்டும் என்பவர்கள் எஸ்.எஸ்.டி.யை இரண்டாகப் பிரித்து, விண்டோஸை டாலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இன்டர்நெட் வேலையை லினக்ஸில் செய்யலாம்.

எங்கே வாங்குவது?

பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோவை பக்கம். இடுக்கிக்காரர்களுக்குப் போடி, தேனி, மதுரை. ஒரு காலத்தில் வாளையார் செக்போஸ்ட்டில் சாமானோடு நிற்க வேண்டியிருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வணிகவரிச் சோதனை இல்லை. ஆனாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் வேண்டாம்னா வரி மிச்சம்" என்று ஆசை காட்டுவார்கள். எஸ்.எஸ்.டி.யும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மூன்றாம் மாதம் நின்றுபோனால், வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

கழற்றிப் போட்ட பழைய சாமானை ஆற்றங்கரையில் எறியவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். ஹரித கர்ம சேனைப் பெண்களிடமோ வார்டு மெம்பரிடமோ கேட்டால் மின்னணுக் கழிவு எடுக்கும் வழியைச் சொல்வார்கள். ஹார்டு டிஸ்கைக் கொடுக்கும் முன் அதில் உள்ள ஆதார், பேங்க் விவரங்களை முழுவதும் அழித்துவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. பிள்ளை கேம் ஆடுவதைத் திட்டுவதற்குப் பதில், அதில் பணம் போகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் நடுக்கூடத்தில் இருந்தால் பாதிக் கவலை குறையும்.

எங்கே நிறுத்துவது?

பழையதைத் தேற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. போர்டில் கெபாசிட்டர்கள் வீங்கியிருந்தால் அதில் ஒரு பைசாவும் போட வேண்டாம். மொத்தச் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டாலும் நிறுத்திவிட வேண்டும். எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், கார்டு ஆகிய நான்கையும் நாளை புதுப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அவற்றில் போட்ட பணம் வீணாகாது. பழைய பிராசஸரிலும் பழைய ராமிலும் போடும் பணம் திரும்பாது. அவற்றில் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

நமது நண்பர் என்ன செய்தார்? முதல் மாதம் எஸ்.எஸ்.டி., எட்டு ஜி.பி. ராம், உபயோகித்த மானிட்டர் ஒன்று. அடுத்த மாதம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு எர்த்தும் போட்டார். மூன்றாம் மாதம் மகனையும் கூட்டிக்கொண்டு போய், கடையிலேயே அரைமணி ஓட்டிப் பார்த்து, உபயோகித்த 1650 ஒன்று வாங்கினார். மொத்தச் செலவு அறுபதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மகளின் பீஸ் நேரத்துக்குக் கட்டியாயிற்று.

மகனுக்கு முழுத் திருப்தி என்று சொல்ல முடியாது. கூட்டாளி வீட்டில் ஓடும் புதிய கேம் இதில் ஓடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தான். ஆனால் மூன்று மாதமும் ஒவ்வொரு உறுப்பையும் மெக்கானிக்கோடு கூட நின்று மாட்டியவன் அவன்தான். போன வாரம் பக்கத்து லயத்தில் ஒரு கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்று அவனைக் கூப்பிட்டார்கள். போகும்போது சட்டைப் பையில் ஒரு பென்சில் ரப்பர் எடுத்துக்கொண்டு போனானாம்.